கழுத்துப்பட்டை அனுப்ப முடியாது

மகனே,

நேற்று காலை நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணி, கழுத்து திரும்பவில்லை, விரலும் மரக்கிறது என்று சொல்லி, என்னுடைய பழைய கழுத்துப்பட்டையைத் தேடி எடுத்து கூரியரில் போட்டுவிடச் சொன்னாய். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "கயத்தாறுல சொல்லிராதீங்கப்பா" என்றும் சொன்னாய். கயத்தாறில் யாரிடம் என்று நான் கேட்கவில்லை. தை மாதம் நீ தாலி கட்டப்போகிற பெண்ணை விட்டால் கயத்தாறில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பட்டையை அனுப்ப முடியாது. அதற்கு இரண்டு காரணம். முதல் காரணம், உன் அம்மா அதை வட்டமாக வளைத்துக் கட்டி, தண்ணீர்ப் பானைக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் என் தலையைத் தாங்கியது இப்போது பானையைத் தாங்குகிறது. பானைக்குள் தண்ணீராவது இருக்கிறது என்கிறாள் அவள். இரண்டாவது காரணத்தைப் போனில் சொல்லலாம் என்றால், பாதியில் "மீட்டிங் இருக்குப்பா" என்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். நான் குனிந்து எழுதுகிறேனோ என்று நினைக்காதே. அலமாரித் தட்டில் பலகையைச் சாய்த்து வைத்து, கண்ணுக்கு நேராகக் காகிதத்தைச் செருகி, நின்றுகொண்டு எழுதுகிறேன். அரை மணிக்கு ஒரு தடவை போனில் மணி அடிக்கும். அடித்தால் பேனாவை வைத்துவிட்டுக் கழுத்துப் பயிற்சி செய்துவிட்டுத்தான் மேலே எழுதுவேன். கையெழுத்து நடுவில் மாறினால் பயப்படாதே.

என் கழுத்தின் கதையில் உனக்குப் பாதிதான் தெரியும். தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க்காக உட்கார்ந்தவன் நான். எந்த லாரியில் எத்தனை பண்டல், எந்த ஊருக்கு, எப்போது புறப்படும் என்பதைப் போனில் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதவேண்டும். ஒரு கையில் பேனா, மறு கையில் நோட்டு நகராமல் பிடித்திருப்பேன். போனுக்குக் கை மிச்சமில்லை. அதனால் அதைக் காதுக்கும் இடது தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வேன். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரமாவது அப்படிப் போகும். கொஞ்ச காலத்தில், போன் இல்லாத நேரத்திலும் தலை அந்தப் பக்கமே நின்றது. முதலாளிக்கு அதில் பரம சந்தோஷம். அவர் சொல்வதை நான் மட்டும்தான் தலை சாய்த்துப் பணிவாகக் கேட்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆதார் அட்டைக்குப் படம் எடுத்தவர் தலையை நேராக வைக்கச் சொன்னார். நேராகத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் தன்னுடைய தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

வலி வந்தபோது நான் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் வீட்டிலேயே நீ இருந்தாய். நீ பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவன். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நாலு வயதிலேயே தெருவில் உனக்குக் கிராக்கி. இடுப்பு பிடித்தவர்கள், முதுகு பிடித்தவர்கள் எல்லாரும், "ஏலே, இங்கன வா, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நீயும் பெரிய மனுஷன் மாதிரி மூன்று மிதி மிதித்துவிட்டு, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவாய். ஊருக்கே மிதிக்கிற பிள்ளை அப்பனுக்கு மிதிக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் பாயில் குப்புறப் படுப்பேன், நீ என் பிடரியிலிருந்து தோள் வரை காலால் தேய்த்துவிடுவாய். உண்மையைச் சொன்னால், அதில் வலி ஒருநாளும் குறையவில்லை. உன் கால் பஞ்சு மாதிரி இருக்கும், நீ விழாமலிருக்க என் தலைமுடியைப் பிடித்துக்கொள்வாய், அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆசையில் அஞ்சு வருஷம் வைத்தியம் பார்க்காமல் ஓட்டினேன்.

நீ வளர்வாய் என்பதை நான் யோசிக்கவில்லை. உன் ஒன்பதாவது வயதில் ஒரு கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து மிதித்தாய் பார், மூன்று நாள் நான் எழுந்திருக்கவில்லை. அதோடு உன்னுடைய தொழிலை உன் அம்மா நிறுத்திவிட்டாள். நாலாவது நாள் நானே மருந்துக்கடைக்குப் போய், யாரையும் கேட்காமல், கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். மாட்டினதும் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததால் கழற்றவே இல்லை. நைந்து நைந்து நாலு பட்டை மாற்றியிருக்கிறேன். நீ கேட்டிருப்பது நாலாவது.

மணி அடிக்கிறது, இரு.

செய்துவிட்டேன். அடுத்து எழுதவேண்டியது நான் இருபது வருஷமாக எழுதாமலும் சொல்லாமலும் இருந்தது. ரயில்வே கேட் கதையைத்தான் சொல்கிறேன். விசேஷ வீடுகளில் நீ அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாய், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உனக்குப் பத்து வயது. ஐப்பசி மழை. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரம் சுற்றவில்லை. கேட் மூடியிருந்தது. நீ இறங்கி, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்து மண்ணைச் சுரண்ட உட்கார்ந்தாய். கேட்டைத் திறந்ததும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, நான் கிளம்பிவிட்டேன். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நீ வாங்கிய மார்க்கைப் பற்றி வழி முழுக்க உனக்கு உபதேசம் செய்துகொண்டே போனேன். பதிலே இல்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறானே என்று குரலைக்கூட இறக்கினேன். வீட்டு வாசலில் உன் அம்மா, "பிள்ளைய எங்க?" என்று கேட்ட பிறகுதான் நீ பின்னால் இல்லாதது எனக்குத் தெரிந்தது. இதுவரை உன் கதை. ஆபீஸ் நினைப்பில் போய்விட்டேன் என்று அன்றைக்கு நான் சொன்னதையும் கடைசியில் சேர்த்துக்கொள்வாய்.

அது பொய். எனக்கு ஆபீஸ் நினைப்பே இல்லை. கேட்டைத் தாண்டி நூறு அடி போவதற்குள் வண்டி இலேசாக இருப்பது தெரிந்தது. நீ இல்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பப் பார்த்தேன், கழுத்து வரவில்லை. கண்ணாடியில் என் தோள்பட்டைதான் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, உடம்போடு திரும்பிப் பார்த்திருக்கலாம். நம் தெருக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் நின்றார்கள். கழுத்துப்பட்டையோடு நான் பொம்மை மாதிரி முழுசாகத் திரும்புவதைப் பார்த்து அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை சிரித்திருந்தார்கள். அந்த வெட்கத்தில், நீ கோபமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இல்லாத பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொண்டு போனேன். திரும்ப வந்தபோது கேட்கீப்பர் அறை வாசலில் குச்சியோடு நின்றாய். அழுது முடித்த முகம். "இன்னும் மண்ணு இருக்குப்பா, பாதிதான் எடுத்தேன்" என்றாய். நான் சிரிக்கிற நேரமெல்லாம் எனக்குக் காதில் விழுவது அதுதான்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வந்தது போன வருஷம்தான், அதுவும் முதலாளி வேட்டியில். அதற்குள் நோட்டு போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முன்பு கீழே குனிந்திருந்த தலை இப்போது கொக்கு மாதிரி முன்னால் நீண்டது, அவ்வளவுதான் முன்னேற்றம். ஒரு நாள் முதலாளிக்குக் காபியை நீட்டும்போது விரல்கள் மரத்து டம்ளர் நழுவிவிட்டது. புது வேட்டி. அவரே என்னைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கையைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ஆபரேஷன் வேண்டியதில்லை, கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சிதான் மருந்து என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன இடம். அங்கே இருந்தது உன்னைவிடச் சின்னப் பெண். முதல் வேலையாக என் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எனக்கு வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. பட்டையைக் கேட்டுக் கெஞ்சினேன். "அடிபட்டவங்களுக்கு டாக்டர் கொடுத்தா அது வேற. நீங்க சும்மா போட்டுக்கிட்டே இருக்கீங்க. கழுத்துக்குன்னு ஒரு வேலையும் இல்லாமப் போச்சு. வேலை செய்யாத தசை எப்படிய்யா தலையைத் தாங்கும்?" என்றாள். இருபது வருஷம் நான் தலைக்கு ஆள் வைத்து வேலை வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவள் சொல்லிக்கொடுத்த எதிலும் ஒரு கம்பீரமும் கிடையாது. தாடையைப் பின்னால் இழுக்கவேண்டும். குனியவும் கூடாது, அண்ணாக்கவும் கூடாது. சரியாகச் செய்தால் கழுத்துக்கு மேலே இரண்டாவது தாடை ஒன்று தெரியும் என்றாள். எனக்கு அது ஏற்கெனவே இருந்ததால், நான் சரியாகச் செய்கிறேனா என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளவேண்டும், கை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்து, முதுகில் இரண்டு தோள்பட்டைச் சப்பையையும் ஒன்றோடொன்று நெருக்கவேண்டும். மெதுவாக இடது பக்கம் திரும்பி அஞ்சு எண்ணவேண்டும், பிறகு வலது பக்கம். எண்ணெய் கிடையாது, மிதி கிடையாது, சடக்கென்று ஒரு சத்தம்கூடக் கிடையாது. இதில் எப்படிக் குணமாகும் என்று எனக்குச் சந்தேகம். அதனால் வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, அவளைப் பார்க்கப் போகிற அன்று காலையில் ஏழு நாள் பயிற்சியையும் ஒரே மூச்சில் செய்தேன். மாதக் கடைசியில் தேங்கின சரக்கையெல்லாம் ஒரே லாரியில் ஏற்றிப் பழகினவன் வேறு எப்படிச் செய்வான்? கழுத்து வீங்கின மாதிரி போய் நின்றேன். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். "இது பண்டல் இல்லைய்யா, சேத்து வச்சு அனுப்புததுக்கு" என்றாள். அன்றைக்குத்தான் என் போனை வாங்கி மணி வைத்துக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவது மாதம் பைபாஸ் ரோட்டில் பின்னால் ஹாரன் அடித்த ஒருத்தனைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். திரும்ப முடிந்ததே என்ற சந்தோஷத்தில், இருபது வருஷமாக முறைக்காமல் விட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து முறைத்தேன். பாவம், அவன் வழி கேட்கத்தான் ஹாரன் அடித்திருக்கிறான்.

இந்த மணிதான் கயத்தாறில் உன் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது. நீ அங்கே இருந்தாய், ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெண் பார்த்து முடித்து, பலகாரம் சாப்பிட்டு, பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கெல்லாம் சம்மதந்தான?" என்று கேட்ட அந்த நிமிஷத்தில் என் சட்டைப்பையில் மணி அடித்தது. நான் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக இடது பக்கம் திரும்பி அஞ்சு எண்ணினேன். பிறகு வலது பக்கம் அஞ்சு. மறுபடி இடது. சம்மதமா என்று கேட்டவருக்கு ஊர் பார்க்கத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் என்ன அர்த்தம்? தட்டை நீட்டிய கை அப்படியே நின்றது. உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள், நான் எண்ணுவதை விடவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "மாமா, தோளை ஏத்தாதீங்க. தோளு எறங்கியே இருக்கணும்" என்றாள். அவள் இ-சேவை மையத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். இதே வலிக்கு, இதே மாடிக்கு, வாரம் ஒரு நாள் பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவளுக்கும் அதே பயிற்சித் தாள், அதே அஞ்சு எண்ணிக்கை. அவளே தன் அப்பாவிடம் விளக்கினாள், அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு எல்லாருமாக ஒரு தடவை தாடையை உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெண் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தது நம் குடும்பத்தில்தான் நடந்திருக்கும். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது.

நீ மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் உனக்கு இடது பக்கம் நின்றாள். வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். காபி டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்ததையும் நான் பார்த்தேன். அது வெட்கம் இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். திரும்ப முடியாதவன் எப்படி உட்காருவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்போதே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. அதுவும் என் தப்புக் கணக்கில் ஒன்று.

மறுபடியும் மணி. ஐந்து நிமிஷம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குக் கிளம்பும்போது அடுப்படியில் அவள் உன் அம்மாவிடம், "அவிய என்னைப் பாக்கவே இல்லையே அத்தை, பிடிக்கலையோ?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா சமாளித்துவிட்டு வந்துவிட்டாள். போன வாரம் அவளே போன் பண்ணி, "வீடியோ கால்லயும் நேராப் பாக்க மாட்டேங்காவ அத்தை. வீட்டுல சொன்னதுக்காகச் சம்மதிச்சிருந்தா இப்பமே சொல்லிரச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீ கட்டிலில் சாய்ந்து, மடியில் கம்ப்யூட்டரும் கையில் போனுமாக, வலிக்காத பக்கம் தலையை வைத்துக்கொண்டு பேசுகிறாய் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு முகம் திருப்புவதாகத்தான் தெரிகிறது. நீ வலியை மறைப்பதாக நினைக்கிறாய். அவள் உனக்கு விருப்பம் இல்லை என்று நினைக்கிறாள். கொஞ்ச நாள் விட்டால் கல்யாணமே வேண்டாம் என்பாள், அதில் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

நான் கயத்தாறில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்லவேண்டியது. இன்றைக்கே போன் பண்ணி, திரும்பிப் பார்க்க முடியவில்லை, பார்க்க ஆசை இருக்கிறது என்று சொல்லிவிடு. அவள் பயப்படுகிற ஆள் இல்லை. தோளை ஏற்றாதே என்றுதான் உன்னையும் அதட்டுவாள். விரல் மரக்கிறது என்றாயே, அதனால் முதலில் டாக்டரிடம் காட்டு. காட்டாமல் இதில் எழுதிய பயிற்சியைப் பார்த்து நீயாக ஒன்றும் ஆரம்பிக்காதே. கம்ப்யூட்டரை மடியிலிருந்து மேஜைக்கு ஏற்று, அடியில் நாலு புத்தகத்தை வைத்துக் கண்ணுக்கு நேராகக் கொண்டு வா. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்திரு. என் முதலாளியே பழகிவிட்டார், உன் முதலாளியும் பழகுவார். டாக்டர் சரி என்றால் ரப்பர் பட்டை இங்கே இருக்கிறது, உன் அம்மா அதில் துணி காயப்போட்டிருக்கிறாள், அவிழ்த்து வைக்கச் சொல்கிறேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா? காலையில் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரோடு வருகிறேன். ஆட்டோ பிடிக்காதே. மழை பெய்து ரோடெல்லாம் கரிசல் சேறாகக் கிடக்கிறது, கேட்டில் வண்டி நிற்கத்தான் செய்யும். நீ இறங்கி மண்ணைச் சுரண்டவேண்டாம், பேசாமல் பின்னால் உட்கார். கேட்டைத் திறந்த பிறகு, பின்னால் லாரிக்காரன் எத்தனை ஹாரன் அடித்தாலும், நான் ஒரு தடவை திரும்பி உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

உன் அப்பா